மூன்றாம் ஓலை

சிறுமலை அடிவாரம், திண்டுக்கல்
ஆகஸ்ட் 12, செவ்வாய்

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா ஆனந்தமேரி அவர்களுக்கு, ஷைனியின் அப்பா அந்தோணிமுத்து எழுதுவது.

நேற்றுப் போனில் நான் வாயைத் திறப்பதற்குள், "இனிமே எதுவானாலும் எழுத்துல கொடுங்க, பேச்சு வேணாம்" என்று வைத்துவிட்டீர்கள். அப்புறம் நான் போட்ட எதையும் எடுக்கவில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்தில் இல்லாததை நம்ப மாட்டார் என்று மாப்பிள்ளை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சரி, எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இதைக் கொண்டுவரும் அப்துல் வாஹித் எங்கள் பக்கத்துக்காரர். நிவாரண முகாம்களுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். பதிலை அவரிடமே கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் யாரோ எடுத்து உங்கள் முகாம்வரை வந்த வீடியோவில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பூசை முடிகிற நேரம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பில், பங்குச் சாமி நம் பிள்ளைகளின் இரண்டாம் ஓலையை வாசித்தார். ஆண்டனிராஜுக்கும் ஷைனிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று முடித்தார். பிறந்ததிலிருந்து எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறோம். அந்த வரி வரும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடக் கிளம்பியிருப்பார்கள். யாரும் எழுந்து நின்றதாக எங்கள் பங்கில் சரித்திரமே இல்லை. அன்றைக்கு என் அண்ணன் சூசைமுத்து எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி. மாப்பிள்ளை வெடிச்ச அணு உலைக்குள்ள இருக்காரு. கதிர் பட்ட ஒடம்பு. எங்க வீட்டுப் பிள்ளைய எப்படிக் கொடுக்குறது?"

சாமி கண்ணாடியைக் கழற்றினார். "சூசை, சபை கேக்குற தடை வேற. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, ரத்த சொந்தமா, கட்டாயப்படுத்துறாங்களான்னு கேக்குது. உனக்குப் பயமா இருக்கான்னு கேக்கல. அதையும் தனியா வந்து சொல்லணும், நடுப்பூசையில நிக்கக் கூடாது." ஆனாலும் ஊர் சலசலத்துவிட்டது. குடும்பங்கள் பேசி முடிக்கும்வரை மூன்றாம் ஓலை வாசிப்பதில்லை என்று சாமி சொல்லிவிட்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஷைனியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வியாழக்கிழமை அந்தச் செய்தி வந்ததிலிருந்து இங்கே யாருமே தன் நிலையில் இல்லை. கடைகளில் அயோடின் உப்புப் பாக்கெட் கிடையாது, கல்லுப்பும் காலி. சனிக்கிழமை ஒரு தூறல் போட்டதற்குத் தொட்டித் தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டு, மறுநாள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றோம். என் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையைக் கேரளத்து வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். கதிர்வீச்சுக்கு வாசனை உண்டா என்று கேட்டேன். இருந்தால் நல்லதுதானே என்றார்.

பெண்ணைப் பெற்றவன் என்பதால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போமா? மாப்பிள்ளை வெளியே வந்ததும் நல்ல டாக்டரிடம் காட்டி, உடம்பில் குறையில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் ஊர் வாயை மூடிவிடலாம்.

திராட்சை சில பெட்டி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
அந்தோணிமுத்து


நிவாரண முகாம், அரசு மேல்நிலைப் பள்ளி
ஆகஸ்ட் 14, வியாழன்

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. எழுதிய விஷயத்தில்தான் குறை.

திராட்சையைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அதற்குள் முகாம் பிள்ளைகள் பெட்டியை உடைத்துவிட்டார்கள். அந்தத் திராட்சைக்கு மட்டும் நன்றி.

உலை வெடிக்கவில்லை. குளிர்விக்கும் பம்பு அறையில் தீப்பிடித்தது, பம்புகள் நின்றன, உள்ளே அழுத்தம் ஏறியதால் ஆவியை வெளியே விட்டார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று தெருத்தெருவாகச் சொல்லிப்போன அதே மைக், கொஞ்ச நேரம் கழித்து வந்து எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னது. அந்தக் கோபம் எனக்கு நிறைய இருக்கிறது. அதை நான் அவர்களிடம் தீர்த்துக்கொள்வேன்.

என் மகனைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று எழுதினீர்கள். அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் வந்தது. பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். "போவாதல, கூப்பிட்டா போயிரணுமா" என்று வாசலை மறித்தேன். "அது என் பம்பும்மா. அதோட கொணம் எனக்குத்தான் தெரியும்" என்று என்னை விலக்கிவிட்டுப் போனான். எல்லோரும் எந்த கேட்டிலிருந்து ஓடிவந்தார்களோ அதே கேட்டுக்குள் என் மகன் போனான். உள்ளே ஒருவர் போய்ச் சில நிமிடம் வேலை பார்த்து வெளியே வர, அடுத்தவர் போக, இப்படியே மாறி மாறி அந்தப் பம்பைத் திருப்பி ஓடவைத்திருக்கிறார்கள். அது ஓடியதால்தான் உங்கள் ஊரில் உப்பு வாங்குவதோடு போயிற்று.

எங்கள் கதையையும் கேளுங்கள். முதலில் போன ஊரில் சாலையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த ஊரில் கல்யாண மண்டபத்தைப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஆள் மாயம். ஒரு டீக்கடையில் எங்களுக்கு மட்டும் காகிதக் கப். எங்கள் ஒவ்வொருவரையும் கருவியால் தலை முதல் கால் வரை அளந்து, சுத்தம் என்று முத்திரை வைத்துச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் சீட்டு செபமாலையோடு பைக்குள் இருக்கிறது. காட்டு என்று கேட்ட ஒருவரிடமும் நான் காட்டவில்லை.

அதே ஞாயிறு இங்கேயும் இரண்டாம் ஓலை வாசித்தோம். எங்கள் கோயிலைப் பூட்டிவிட்டு வந்திருப்பதால் எங்கள் சாமி பள்ளி மைதானத்தில் புங்க மரத்தடியில் வாசித்தார். அந்த அணுமின் நிலையம் வேண்டாம் என்று தெருவில் உட்கார்ந்து போராடியவர்கள் அங்கே இருந்தார்கள். வீட்டையும் படகையும் ஆட்டையும் அதனாலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். என் மகன் பேரைக் கேட்டு ஆத்திரப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஒருவரும் எழவில்லை. வாசித்து முடித்ததும் யாரோ கை தட்டினார்கள், பிறகு மைதானம் முழுக்கத் தட்டியது. அதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கையோடுதான் உங்கள் அண்ணன் வீடியோவைப் பார்த்தேன்.

என் மகனுக்குச் சான்றிதழ் எழுத ஒரு டாக்டரும் தேவையில்லை. மூன்றாம் ஓலையும் தேவையில்லை. உங்கள் பெண்ணை நாங்கள் விட்டுவிட்டோம். நல்ல உடம்புள்ள மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிக்கொடுங்கள்.

ஆனந்தமேரி


சிறுமலை அடிவாரம்
ஆகஸ்ட் 16, சனி

சம்பந்தி அம்மாவுக்கு,

சம்பந்தி என்றுதான் இன்னும் எழுதுகிறேன். நீங்கள் உறவை அறுத்துவிட்டீர்கள் என்பதற்காக நான் மாற்றி எழுத முடியாது.

உங்கள் கடிதத்தை என் கையிலிருந்து ஷைனி வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "சர்ட்டிபிகேட்டாப்பா கேட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான். கொடியேற்றத்துக்கு என்று பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு போடுகிறாள், வெஞ்சனம் வைக்கிறாள், நான் போதும் என்று சொல்வதற்குள் நகர்ந்துவிடுகிறாள். அவள் அம்மா நான்சி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "ஒங்க மக தண்ணி கேக்குறா", "ஒன் அப்பன் சாப்பிடலையாம்" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், அப்பன் செய்த தப்புக்கு மட்டும் மார்க் போட்டுவிட்டு விளக்கம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

சான்றிதழ் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். எழுத்திலேயே வாங்குகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்றுச் சுதந்திர தினக் கொடி ஏற்றிய கையோடு பங்குப் பேரவை கூடியது. உங்கள் பக்கத்து மக்களைத் தங்கவைக்க எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். சாமி கொடுக்கலாம் என்றார். பேரவையில் ஒருவர் பின் ஒருவராக, பிள்ளை குட்டி இருக்கிற ஊர் சாமி, தண்ணிக்கு ஒரே போர்வெல் சாமி என்று இழுத்து, கடைசியில் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிய முள், பூட்டு, காகிதக் கப் எல்லாம் சட்டைப் பையில் கடிதமாக இருந்தது. அப்படியும் வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. விட்டுவிட்டோம் என்று நீங்கள் எழுதினால் விட்டதாகிவிடுமா? சாமியிடம் கேட்டேன். ஓலைக்குப் பேர் கொடுத்தவர்கள் வந்து சொன்னால்தான் பேரை எடுக்க முடியும் என்கிறார். நாளைக்கு ஓலை வாசிப்பு இல்லை. அடுத்த ஞாயிறு வரை யோசியுங்கள். மாப்பிள்ளையிடமிருந்து தகவல் உண்டா? ஷைனிக்கு அவர் போன் வரவில்லை. அவள் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன்.

அந்தோணிமுத்து


நிவாரண முகாம்
ஆகஸ்ட் 18, திங்கள்

சம்பந்தி அவர்களுக்கு,

தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

நேற்று ஆண்டனி பேசினான். போனை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வெளியே வந்து அதிகாரி ஒருவரின் போனில் செத்த நேரம் பேசினான். பம்பு சீராக ஓடுகிறது. உலை ஆறிக்கொண்டு வருகிறது. அவனுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் உடம்பில் வாங்கிய அளவு வரம்பைத் தாண்டிவிட்டதால் இனி உள்ளே விட மாட்டார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். பயப்படுகிற அளவு இல்லை என்கிறான். அவன் என்னிடம் உண்மை சொல்கிறவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியவில்லை.

பிறகு சொன்னான்: "அம்மா, ஷைனிய விட்டுரச் சொல்லு. ஓலைய நிறுத்திரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவ வாழ்க்க போயிரும். நான் அவகிட்ட பேசுனா அவ ஒத்துக்க மாட்டா. அதான் பேசல."

கோபத்தில் நான் எழுதியதையே அவன் நிதானமாகச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. என் மகன் எதற்கும் யாரிடமும் கை ஏந்தியதில்லை. உள்ளே போகும்போதும் கேட்காமல் போனான், இதையும் கேட்காமல் விட்டுக்கொடுக்கிறான். எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெருமை வயிற்றை நிரப்பாது என்பதும் தெரிகிறது.

இந்தப் பள்ளியை வகுப்புகளுக்குத் திறக்கப் போகிறார்கள். எங்களை வேறிடம் மாற்ற வேண்டும். எங்கே என்று கேட்டால் ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். உங்கள் ஊர் வேண்டாம் என்று சொன்னது எங்களுக்கும் தெரியும். கவலைப்பட வேண்டாம், உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டோம்.

பேர் கொடுத்தவர்கள் வர வேண்டும் என்றால் நான் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு நாள் சொல்லுங்கள்.

ஆனந்தமேரி


சிறுமலை அடிவாரம்
ஆகஸ்ட் 20, புதன்

சம்பந்தி அம்மாவுக்கு,

நாள் சொல்கிறேன். வருகிற ஞாயிறு, ஆகஸ்ட் 24, காலைப் பூசை. ஆனால் நீங்கள் மட்டும் வந்தால் செல்லாது.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் ஓலை வாசிக்கிற அன்று மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் பங்கு ஆட்களோடு வந்து, பெண் வீட்டுக் கோயிலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஓலை கேட்க வருவது என்போம். அவர்கள் வரும்போது வீட்டுக்கு ஓர் ஆளாவது கோயில் வாசலில் நின்று சந்தனமும் கல்கண்டும் கொடுத்து எதிர்கொள்ள வேண்டும். பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவர்கள்கூட அன்றைக்கு வந்து நிற்பார்கள். வராத வீட்டில் நாளைக்கு ஒரு நல்லது நடந்தால் வாசலில் ஆள் இருக்காது.

திங்கள் மாலை வாஹித் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். படித்ததும் கொடித் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பழம் கொடியிலேயே வெடித்து எறும்பு மொய்க்கிறது. மாப்பிள்ளை சொன்னதை ஷைனியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கடிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவளாக வந்தாள். "அவங்க எங்க தங்குவாங்கப்பா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில்தான் இந்த வழக்கம் ஞாபகம் வந்தது. பேரவை வேண்டாம் என்றது முகாமைத்தானே, சம்பந்தியை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பேரவைக்கு அதிகாரம்?

நேற்று ஷைனியும் நானும் வீடு வீடாகப் போனோம். "எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க ஓலை கேக்க வாராங்க. அவங்க பங்கே வருது. வாசல்ல வந்து நில்லுங்க" என்று மட்டும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். பேரவைத் தலைவர், "அந்தோணி, நீ எங்கள மடக்குறடா" என்றார். மடக்கத்தான் செய்கிறேன் என்றேன். "வந்தவுக என்னைக்குத் திரும்புவாக?" என்றார். சம்பந்தியைப் பார்த்து எப்போ கிளம்புறீங்க என்று கேட்கிற ஊரா நம்முது என்றேன். சாமி பள்ளிக்கூடச் சாவியைக் கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் சூசைமுத்து வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். வீட்டுக்கு மூத்தவர் என்பதால் சந்தனக் கிண்ணத்தை அவர்தான் பிடிக்க வேண்டும். "நான் நிக்க மாட்டேன். என் மனசு ஒப்பல" என்றார். அவரிடம் பொய்யாகச் சொல்லிச் சம்மதம் வாங்க எனக்கும் இஷ்டமில்லை. வந்துவிட்டேன்.

நீங்கள் அகதியாக வரவில்லை. ஓலை கேட்க வருகிறீர்கள். பேரை எடுப்பதானாலும் ஊரே கேட்க எங்கள் கோயிலில் எழுந்து நின்று எடுங்கள். இரண்டு பஸ்ஸுக்கு அதிகாரிகளிடம் பேசியாயிற்று. சாமான்களை வாஹித் லாரியில் ஏற்றலாம்.

அந்தோணிமுத்து


நிவாரண முகாம்
ஆகஸ்ட் 22, வெள்ளி

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. சத்துணவில் ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளைச் சமாளித்தவள் நான்.

வருகிறோம். எங்கள் சாமியும் வருகிறார். என் நிபந்தனைகளைப் படித்து, ஊருக்கும் வாசித்துக் காட்டவும்.

அளக்கிற கருவியோடு ஆள் வரட்டும். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் எங்களை ஒரே ஒரு முறை அளக்கலாம். அதன் பிறகு யாரும் எங்களிடம் சீட்டுக் கேட்கக் கூடாது. எங்களை அளக்கிற அதே கருவியால் உங்களையும் அளக்க வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

தனி டம்ளர், தனிக் குடம் என்று ஒன்றைப் பார்த்தால் அப்போதே பஸ் ஏறிவிடுவோம். அடுப்பு எங்கள் பொறுப்பு. பெரிய வட்டாவும் விறகும் போதும், எத்தனை பேருக்கானாலும் நான் சமைப்பேன். உங்கள் ஊர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நான் பேரை எடுக்கத்தான் வருகிறேன். என் மகன் சொன்ன சொல் அது. அதில் மாற்றம் இல்லை. ஷைனிக்கு நேரில் சொல்ல வேண்டியது என் கடமை என்பதால் அவளையும் பார்க்க வேண்டும்.

ஆனந்தமேரி


சிறுமலை அடிவாரம்
ஆகஸ்ட் 28, வியாழன்

சம்பந்தி அம்மாவுக்கு,

இப்போது நீங்கள் போனை எடுக்கிறீர்கள்தான். ஆனால் இதையெல்லாம் போனில் சொன்னால் என் குரல் கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை மாலையே நீங்களும் ஷைனியும் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாத பக்கத்தை எழுதுகிறேன்.

பஸ் கோயில் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் பாதி ஊர்தான் நின்றது. இரண்டு மூன்று குடும்பங்கள் கோயம்புத்தூருக்கே போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. சந்தனக் கிண்ணத்தை நானே எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கியது. அண்ணன், வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம். "மூத்தவன் இருக்கும்போது நீ ஏன்டா பிடிக்கிற" என்றார். உங்கள் கையில் அவர் சந்தனம் வைத்தபோது அவர் விரல் நடுங்கியதை நீங்கள் வயசு என்று நினைத்திருப்பீர்கள். அது பயம். பயத்தோடேயே வைத்தார்.

கருவிக்காரர் உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக அளந்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லி வந்ததும், எங்கள் முறை வந்தபோது கருவியை அந்தக் கருங்கல் படியில் வைத்தாரே, அது உங்கள் எல்லோரையும்விடக் கூடக் காட்டியதே, அப்போது பேரவைத் தலைவர் முகத்தைப் பார்த்தீர்களா? தாத்தா காலத்திலிருந்து முழங்காலிடுகிற படி. கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று அந்த ஆள் சொல்லியும், தலைவர் படியை விட்டு இறங்கிவிட்டார். உங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி, "ஐயா, இப்ப நாங்க ஒங்கள உள்ள விடலாமா?" என்று கேட்டாள் பாருங்கள். அந்தச் சிரிப்பில்தான் இரண்டு பங்கும் கலந்து உள்ளே போயிற்று.

ஓலை வாசித்து முடித்ததும் நீங்கள் எழுந்தீர்கள். "பேர எடுக்க வந்திருக்கேன் சாமி. என் மகன் சொன்ன சொல்லு. அவன் ஒடம்புக்கு நாளைக்கு என்னன்னு தெரியாம ஒரு பிள்ளையக் கட்டிப்போட அவனுக்கு இஷ்டமில்ல." உங்கள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தன் ஓலை வாசிக்கிற பூசைக்குக் கல்யாணப் பெண் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஷைனி வீட்டில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்றாள். "சாமி, அவர் பேர அவர்தான் வந்து எடுக்கணும். என் பேர நான் எடுக்கல. பயந்துக்கிட்டு இருக்கிறவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருக்காங்க, நானும்தான். பயந்தும் உள்ள போனவர் ஒருத்தர். அவரத்தான் எனக்குப் பேசியிருக்கு" என்றாள். என் மகள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவளை நான்தான் பெற்றேன் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்திலிருந்தவர் அண்ணன். அவர் எழுந்து, "நான் சொன்ன தடைய நானே எடுத்துக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, மூக்கைச் சிந்தினார்.

இங்கே உங்கள் ஆட்கள் சௌகரியம். உங்கள் வட்டாவில் வைத்த மீன் குழம்பைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. வியாபாரிகள் வராததால் அழிந்துகொண்டிருந்த திராட்சையை உங்கள் பெண்கள் வெட்டிக் கொடுத்தார்கள், வாஹித் முகாம் முகாமாக இறக்கிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் உங்கள் பிள்ளைகளை எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பிரித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

கல்யாணம் ஆகாத பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாயே என்று இரண்டொருவர் கேட்டார்கள். மாமியாரோடுதானே போயிருக்கிறாள் என்றேன். மாப்பிள்ளை என்ன சொன்னார்? எனக்கு அதுதான் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அவள் அப்படியே திரும்பி வர வேண்டும். அதை நினைத்தால் தூக்கமில்லை. எழுதுங்கள்.

அந்தோணிமுத்து


சென்னை
ஆகஸ்ட் 31, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன்.

நேற்றுத்தான் பார்க்க விட்டார்கள். தலையை மொட்டையடித்திருக்கிறார்கள். கழுவச் சுலபமாக இருக்கும் என்று நிலையத்திலேயே எடுத்துவிட்டார்களாம். இளைத்திருக்கிறான். அவனோடு உள்ளே போனவர்களும் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கிறார்கள். ரத்தத்தில் இப்போதைக்குக் குறை தெரியவில்லை, வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தைக்குக் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஷைனி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள், இரண்டு கேள்வியும் கேட்டாள்.

அவளைப் பார்த்ததும் ஆண்டனி எழுந்து உட்கார்ந்தான். என்னைத்தான் முறைத்தான். "அம்மா ஒங்ககிட்ட சொல்லலையா?" என்று அவளிடம் கேட்டான்.

"சொன்னாங்க. ரெண்டு பங்குக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. நான் ஒத்துக்கல."

"ஒங்க பெரியப்பா சொன்னது தப்பில்ல ஷைனி. அவருக்கு இருந்த பயம் எனக்கும் இருக்கு. உள்ள போறப்ப கூட இல்ல. இப்ப இங்க படுத்துக் கெடக்கும்போதுதான் இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அண்ணே, அவன் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவனுக்குப் பதினோரு வயது. எனக்காக அன்றைக்கு அழாமல் நின்றான். அதற்குப் பிறகு அவன் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் அவனைத் தைரியசாலி என்கிறது. பத்திரிகைக்காரர்கள் கீழே காத்திருக்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவன் ஒருத்தி முன்னால் அழ முடிந்ததே, அதில் எனக்கு வந்த நிம்மதி அந்தப் பெருமையைவிடப் பெரியது.

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. உங்கள் மகள் திரும்பி வருவது கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத்தான்.

எப்போதும்போல அவன் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினேன். ஷைனியின் கை அதற்குள் அங்கே இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

உங்கள் தங்கை,
ஆனந்தமேரி